ஏகாதசித் தட்டு

சேசு மரி சூசை துணை

மேலப்புதூர், திருச்சி
22-1-1979

ஸ்ரீரங்கம் மேல உத்திர வீதி திரு. ரெங்கநாதன் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு யாவரும் சுகம். தங்கள் தாயார் குமுதவல்லி அம்மாளுக்கு உடம்பு தேறிவிட்டதா, கால் புண் ஆறுகிறதா என்று அறிய ஆவல்.

என் பெயர் பேட்ரிசியா. தாயார் படுத்திருந்த எங்கள் ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்குப் பாடம் சொல்லும் டீச்சர். வைகுண்ட ஏகாதசியன்று காலை சர்க்கரைக்கான இன்சுலின் ஊசி போட்டபின் தாயார் மயங்கி விழுந்தது பற்றித் தாங்கள் கொடுத்த புகாரை எனக்கும் காட்டினார்கள். ஊசி போட்டவள் வள்ளிக்கண்ணு. படிப்பை முடித்து, நர்சிங் கவுன்சிலில் பெயர் பதிந்து, வேலையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண். இப்போது அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

இனி இப்படி நடக்காமலிருக்க, புதிதாகச் சேரும் நர்சுகளுக்கு ஆறு வாரப் பயிற்சி ஒன்றைத் தயாரிக்கும்படி எனக்கு உத்தரவு வந்திருக்கிறது. வருஷக்கணக்காக நான் தொண்டை வறளக் கேட்டுவந்தது அது. ஒரு அம்மாள் சாகக் கிடந்தபிறகுதான் மேலே இருப்பவர்களுக்குக் காது கேட்டிருக்கிறது. போகட்டும்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். இன்சுலின் போட்டால் அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். இல்லாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும், உயிரே போகலாம். அன்று தாயாருக்குக் கோதுமை ரவை உப்புமா வைத்தார்கள். வள்ளிக்கண்ணு திரும்பி வந்து பார்த்தபோது தட்டு காலி. சாப்பிட்டாயிற்று என்று எழுதிவிட்டாள். சாப்பிட்டிருந்தால் மயக்கம் வந்திருக்காதே! அந்த உப்புமா எங்கே போயிற்று? பக்கத்தில் இருந்தவர் தாங்கள் ஒருவர்தான்.

விசாரணை முடியும்வரை நோயாளி வீட்டாரை நேரில் பார்க்கக் கூடாது என்று மேட்ரன் சொல்லியிருக்கிறார். கடிதம் எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அம்மாளின் சுகத்துக்கு வேண்டிக்கொள்ளும்,
பேட்ரிசியா


ஸ்ரீ:

ஸ்ரீரங்கம்
29-1-1979

ஸ்ரீமதி பேட்ரிசியாவுக்கு ரெங்கநாதன் எழுதிக்கொண்டது.

உபய க்ஷேமம். உங்கள் ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகு நாங்கள் க்ஷேமம் என்று பொருள்.

கடிதம் கண்டேன். வெட்கமாக இல்லையா உங்களுக்கு? என் தாயார் கண் சொருகி, வாய் கோணி, என் மடியில் துவண்டு கிடந்தாள். பெருமாள் அனுக்ரஹத்தால் பிழைத்தாள். நீங்கள் உப்புமாவுக்குக் கணக்குக் கேட்கிறீர்கள்!

ஊசி போட்டால் சாப்பிட்டார்களா என்று பார்ப்பது யார் பொறுப்பு? போட்டவளின் பொறுப்பு. இதைச் சொல்லிக்கொடுக்க ஆறு வாரமா? நான் இன்ஷூரன்ஸ் ஆபீசில் தலைமை எழுத்தர். எங்களிடம் புதிதாக வருகிற பையன் ஒரு காகிதத்தைத் தவறவிட்டால் அன்றைக்கே சீட்டுக் கிழியும். அங்கே உயிரே போகப் பார்த்தது.

நானாகப் புகார் கொடுக்கவும் இல்லை. உங்கள் பெரிய டாக்டர்தான் என் தோளில் கைபோட்டு, "எழுதிக் குடுங்க சார், இந்தப் புதுப் பொண்ணுங்களை வெச்சுக்கிட்டு நாங்க படற பாடு சொல்லி மாளாது" என்றார். அவருக்கு இருக்கிற மனசாட்சி உங்களுக்கு இல்லை.

இனி எனக்கு எழுத வேண்டாம். உங்கள் தேக சௌக்யத்தைப் பார்த்துக்கொள்ளவும்.

ரெங்கநாதன்


சேசு மரி சூசை துணை

மேலப்புதூர்
1-2-1979

திரு. ரெங்கநாதன் அவர்களுக்கு,

வணக்கம். நான் சுகம். கோபத்தில் ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். தாயார் நலமா? அதை நீங்கள் எழுதவே இல்லை.

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுவேன். அந்தக் காலையில் வள்ளிக்கண்ணு கையில் எத்தனை நோயாளிகள் தெரியுமா? இரண்டு வார்டுக்கும் அவள் ஒருத்தி. உங்கள் ஆபீஸ் பையனிடம் வந்த அன்றே இரண்டு கிளையின் சாவியையும் கொடுத்துவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போவீர்களா? இங்கே போகிறார்கள் ஐயா! கவுன்சில் சர்டிபிகேட்டின் மை காய்வதற்குள் பெண்ணைத் தனியாக நிறுத்திவிட்டுப் போகிறார்கள். அதை மாற்றத்தான் இந்தப் பயிற்சி. முதல் ஆறு வாரம் புதுப் பெண் தனியாக வார்டில் நிற்கக் கூடாது, அனுபவப்பட்ட ஒருத்தி கூடவே நிற்க வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். டாக்டர் சொல்வது தப்பென்று பட்டால் எப்படி வாயைத் திறந்து கேட்பது என்பதற்கு ஒரு நாள் முழுக்க வைத்திருக்கிறேன். தட்டைப் பார்க்காதே, வாயைப் பார் என்று ஒரு பாடம். விரதத்துக்கு ஒரு பாடம். ரம்ஜான் நோன்பு, சமயபுரத்தாளுக்கு இருக்கிற பச்சைப் பட்டினி, எங்கள் பெரிய வெள்ளி, உங்கள் ஏகாதசி எல்லாம் அதில் வரும்.

ஏகாதசி என்று எழுதும்போதுதான் பேனா நின்றது. வைகுண்ட ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்து மாமி ஒருத்தர் கோதுமை உப்புமாவை வழித்துச் சாப்பிட்டார் என்று நான் நம்ப வேண்டுமா? அல்லது தட்டுக்குக் கால் முளைத்ததா?

தாயார் வியர்த்துக் கொட்டி வாய் குழறியபோது, யாரும் சொல்லாமலே சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்துகொண்டு ஓடிப்போய்க் குளுகோஸ் எடுத்துவந்தவள் அதே பெண்தான். புகாரில் அந்த வரியைக் காணோமே?

மருங்காபுரிப் பக்கத்து மானாவாரிக் காட்டில் கடலை போடுகிறவர் மகள் அவள். மார்ச் பதினைந்தாம் தேதி விசாரணை. குற்றம் என்று தீர்த்தால் வேலை போவதோடு நிற்காது. பெயரை எடுக்கச் சொல்லிக் கவுன்சிலுக்கு எழுதுவார்கள். பிறகு எந்த ஊரிலும் அவள் நர்சாக நிற்க முடியாது. ஒரே ஒரு வரி போதும் உங்களிடமிருந்து.

தாயாருக்கு என் வணக்கம்.

பேட்ரிசியா


ஸ்ரீ:

ஸ்ரீரங்கம்
20-2-1979

ஸ்ரீமதி பேட்ரிசியாவுக்கு,

இவ்விடம் க்ஷேமம். அம்மா கோலை ஊன்றிக்கொண்டு கூடம்வரை நடக்கிறாள். ஆபீசில் வருஷாந்தரக் கணக்கு வேலை. அதனால்தான் பதில் தாமதம். வேறு காரணம் எதுவும் இல்லை.

அந்தப் பெண் ஏழை என்பதற்கு நான் வருந்துகிறேன். ஆனால் ஏழ்மையைக் காட்டி என்னிடம் வாக்குமூலம் வாங்கப் பார்ப்பது நியாயமில்லை. தட்டு காலியாக இருந்தது என்று அவளே எழுதியிருக்கிறாள். அதற்குமேல் நான் என்ன சொல்வது?

பயிற்சி கொடுக்கிற நீங்கள் முதலில் உங்கள் சமையல்காரனுக்குக் கொடுங்கள். அது உப்புமாவா? பாதி வெந்தும் வேகாமலும், உப்பும் இல்லாமல், மண்ணை உருட்டி வைத்தாற்போல. மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது. நோயாளிகளுக்கு இதைப் போடுகிற ஆஸ்பத்திரி எனக்கு நியாயம் சொல்ல வருகிறது!

இத்துடன் விஷயம் முடிந்தது. சௌக்யம் கேட்டு எழுதவும் வேண்டாம்.

ரெங்கநாதன்


மேலப்புதூர்
22-2-1979

திரு. ரெங்கநாதன் அவர்களுக்கு,

வணக்கம், சுகம், ஆவல், எல்லாம் வழக்கம்போல.

எந்த மாடு சார்?

எங்கள் வார்டு இரண்டாவது மாடியில் இருக்கிறது. கொசு வரும், பூனை வரும், பெரிய டாக்டர் வருவார். மாடு வந்ததில்லை. மேல உத்திர வீதியில் மாடு நிற்கும் என்பது ஸ்ரீரங்கத்துக்கு ஒருமுறை வந்தவர்களுக்கும் தெரியும். உப்புமாவைத் தூக்குப் பாத்திரத்தில் போட்டுப் பாலம் தாண்டிக் கொண்டுபோய் உங்கள் தெரு மாட்டுக்கு வைத்திருக்கிறீர்கள். அந்த மாட்டுக்கு இருக்கிற விவேகத்தை மெச்சுகிறேன்.

அம்மாவின் விரதம் கெடக் கூடாது என்று செய்திருக்கிறீர்கள். அதில் எனக்குக் கோபமே இல்லை. சத்தியமாக இல்லை. எங்கள் அப்பா தைரியராஜ் பெரிய வெள்ளியன்று மருந்தைக்கூட விழுங்கமாட்டார். நான் மாத்திரையைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் கோயில்வரை போயிருக்கிறேன். என் வயிறு எரிவது வேறு ஒன்றுக்கு. ஊசி போட்ட பெண்ணிடம், "அம்மா சாப்பிடலை" என்று ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த நிமிஷம் வார்டே திரண்டிருக்கும். அன்றைக்குச் சொல்லவில்லை. இன்றைக்காவது சொல்லுங்கள். விசாரணைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

பேட்ரிசியா


ஸ்ரீ:

ஸ்ரீரங்கம்
10-3-1979

ஸ்ரீமதி பேட்ரிசியாவுக்கு,

க்ஷேமம்.

உங்கள் கடிதத்தை ஆபீஸ் பைக்குள் வைத்துக்கொண்டு இத்தனை நாள் அலைந்தேன். நான் என்ன எழுத வேண்டும் என்கிறீர்கள்? தட்டை எடுத்தவன் நான் என்று எழுதினால் அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்தீர்களா? பெற்றவளை அந்த நிலைக்குக் கொண்டுபோனது யார் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதாக அர்த்தம். அன்றைக்குச் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, "என்ன ஆச்சு ரெங்கா?" என்று கேட்டார்கள். அந்த நேரத்தில் டாக்டர் ஒரு பெயரைச் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

என்னால் எழுத முடியாது. என்னை விட்டுவிடுங்கள். அம்மாவுக்கு இந்தப் புகார் விஷயமே தெரியாது. தெரியவும் வேண்டாம். அந்தப் பெண்ணைப் பற்றி அடிக்கடி கேட்கிறாள். நன்றாயிருக்கிறாள் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ரெங்கநாதன்


மேலப்புதூர்
26-3-1979

திரு. ரெங்கநாதன் அவர்களுக்கு,

நான் சுகமில்லை. சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

விசாரணை முடிந்தது. உங்கள் மாட்டைப் பற்றிச் சொன்னேன். நோயாளி வீட்டாருக்குத் திருட்டுத்தனமாகக் கடிதம் எழுதினேன் என்று எனக்கே மெமோ கொடுத்தார்கள். "அவர் கைப்பட எழுதித் தந்த வாக்குமூலம் எங்க?" என்று கேட்டார்கள். என்னை விட்டுவிடுங்கள் என்று ஒருவர் கெஞ்சிய கடிதத்தை எடுத்து நீட்ட எனக்கு மனசு வரவில்லை. அப்படி இரக்கம் பார்த்த எனக்கு நல்ல சாத்து கிடைத்தது.

கேளுங்கள். பெரிய டாக்டர் என் பயிற்சித் திட்டத்தையே கையில் வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தார். "புது நர்சுகளுக்கு நோயாளி சாப்பிட்டாரா என்று கண்ணால் பார்க்கத் தெரிவதில்லை. இதை டீச்சரே எழுதியிருக்காங்க. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார். அந்தப் பெண்களைக் காப்பாற்ற ராப்பகலாக உட்கார்ந்து நான் எழுதியதை வைத்தே அவள் தலையில் கல்லைப் போட்டார்கள். நானும் அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். வள்ளிக்கண்ணு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

வேலை போயிற்று. கவுன்சிலுக்கும் அடுத்த மாதம் எழுதப்போகிறார்கள். தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மருங்காபுரி பஸ் ஏறிவிட்டாள்.

என் திட்டத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது! கூடவே ஒரு அனுபவப்பட்ட நர்ஸ் நிற்க வேண்டும் என்ற பக்கத்தை மட்டும் அடித்துவிட்டார்கள். ஆள் இல்லையாம். டாக்டரை எதிர்த்துக் கேட்பது பற்றிய நாளையும் அடித்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது மத்தியான லெக்சர். பெண்கள் தப்பு செய்கிறார்கள், அதனால் பெண்களுக்குப் பாடம். வேறு யாரும் எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

உங்களுக்கும் உங்கள் பெரிய டாக்டருக்கும் இப்போது மனசு குளிர்ந்திருக்கும். தாயாரிடம் இனியும் அவள் நன்றாயிருக்கிறாள் என்றே சொல்லுங்கள்.

பேட்ரிசியா


ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஸ்ரீரங்கம்
29-3-1979

பேட்ரிசியாவுக்குக் குமுதவல்லி அநேக ஆசீர்வாதம். நீ என்றே எழுதுகிறேன், எனக்கு உன் வயசில் பெண் இருக்கிறாள்.

இங்கே நான் சௌக்யம். கால் ஆறிவிட்டது. உனக்கு உடம்பு தேவலையா? ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடு. கத்துகிறவர்களுக்கு உடம்பு தெம்பாக இருக்க வேண்டும்.

ரெங்கன் ஆபீஸ் போயிருந்தபோது தபால்காரர் உன் கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டார். பிரித்துப் படித்தேன். பிறகு அவன் பையைக் கொட்டி மற்றதையும் எடுத்துப் படித்தேன். சாயங்காலம் அவன் வந்ததும் வாசல்படி தாண்டவிடாமல் கேட்டேன். "அம்மா, உங்களுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுமேன்னு..." என்றான். "எனக்குக் கஷ்டப்படும்னு இன்னொருத்தி வயித்துல அடிச்சியாடா? நீ மனுஷனா?" என்றேன். இரண்டு நாளாக அவனோடு பேசவில்லை. சாதம் மட்டும் போடுகிறேன்.

ஆனால் உன்மேலும் எனக்குக் கோபம். இத்தனை கடிதம் எழுதியிருக்கிறாய். உப்புமாவை விசாரித்தாய், தட்டை விசாரித்தாய், மாட்டைக்கூட விசாரித்தாய். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? விழுந்தவள் நான். எனக்கு வாய் இருக்கிறது. உன் ஆஸ்பத்திரியும் கேட்கவில்லை, என் பிள்ளையும் கேட்கவில்லை. தாயாருக்கு வணக்கமாம், வணக்கம்!

நடந்ததைச் சொல்கிறேன். ஏகாதசிக்கு முதல் நாள் பெரிய டாக்டர் ஒரு கும்பலோடு வந்தார். வார்டு சிஸ்டர்கள், சின்ன டாக்டர்கள் எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். நான் கையைக் கூப்பிக்கொண்டு, "டாக்டர், நாளைக்கு வைகுண்ட ஏகாதசி. நான் தீர்த்தம் தவிர எதுவும் தொடமாட்டேன். ஊசியை ஒரு நாள் நிறுத்தலாமா, குறைக்கலாமா? நீங்களே சொல்லுங்கோ" என்று கேட்டேன். "மாமி, சொர்க்கவாசல் எல்லாம் இந்த பில்டிங்ல கிடையாது. பேசாம சாப்பிட்டுட்டுப் படுங்க" என்றார். எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். பக்கத்துக் கட்டில்காரிகூடச் சிரித்தாள். அத்தனை பேர் காதிலும் விழுந்தது. அதில் ஒருவர்கூட மறுநாள் காலை வந்த அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. அவள் அந்தக் கும்பலில் இல்லை. அவளுக்கு எப்படித் தெரியும்?

அந்த அவமானத்தில்தான் எனக்கு வீம்பு வந்தது. "ரெங்கா, தட்டை எடுத்துடு" என்று சொன்னவள் நான். அந்தப் பெண் வந்து, "சாப்ட்டீங்களாம்மா?" என்று குனிந்து கேட்டாள். நான் தட்டைக் காட்டினேன். வாயால் பொய் சொல்லவில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்ன வித்தியாசம்? பொய் பொய்தான்.

இதையெல்லாம் அப்படியே எழுதி, பெரிய டாக்டருக்கும் உங்கள் நிர்வாகத்துக்கும் கவுன்சிலுக்கும் அனுப்பப்போகிறேன். நேரில் கூப்பிட்டாலும் வருவேன். அங்கே வந்தும் இதே குரலில்தான் பேசுவேன்.

அந்தக் குழந்தைக்கு என் ஆசீர்வாதம் சொல். நீயும் சௌக்யமாக இரு.

குமுதவல்லி


ஸ்ரீ:

ஸ்ரீரங்கம்
2-4-1979

ஸ்ரீமதி பேட்ரிசியாவுக்கு,

அம்மா எழுதிய மூன்று கடிதங்களையும் இன்று நானே ரிஜிஸ்டர் தபாலில் சேர்த்தேன். தட்டை எடுத்தது நான் என்று கீழே எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. மற்றபடி க்ஷேமம்.

ரெங்கநாதன்


சேசு மரி சூசை துணை

மேலப்புதூர்
28-4-1979

அன்புள்ள குமுதவல்லி அம்மாளுக்கு,

வணக்கம். மருந்து சாப்பிடுகிறேன், சுகமாக இருக்கிறேன். நீங்களும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? திரு. ரெங்கநாதனோடு பேசிவிடுங்கள், பாவம்.

உங்களைக் கேட்காதது என் தப்பு. திட்டினீர்கள், வாங்கிக்கொண்டேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று ஆஸ்பத்திரியில் ஒருவர் முகத்திலும் ஈ ஆடவில்லை. இரண்டு வாரம் ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். கவுன்சிலிலிருந்து கேள்வி வந்ததும்தான் அசைந்தார்கள். வேலைநீக்கம் ரத்து. அவள் பெயர்மேல் எந்தக் கறையும் இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்கள். வள்ளிக்கண்ணு முதலில் புதுப் பயிற்சியை முடித்துவிட்டு அப்புறம்தான் வார்டுக்கு வர வேண்டுமாம். சிரித்த டாக்டரைப் பற்றி அந்த உத்தரவில் ஒரு எழுத்து இல்லை. அவரைக் கேட்டேன். "ரவுண்ட்ஸ்ல நூறு பேர் நூறு சொல்வாங்க டீச்சர்" என்றார்.

உத்தரவை எடுத்துக்கொண்டு நானே மருங்காபுரி போனேன். வெயிலில் கடலைக்கொடியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நின்றபடியே படித்தாள். நான் உங்கள் ஆசீர்வாதத்தையும், உங்கள் கட்டிலைச் சுற்றி நடந்ததையும் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"வரேன் டீச்சர். எனக்கு வேலை வேணும், ஆறு வாரம் என்ன, ஆறு மாசம்னாலும் உக்காந்து படிக்கிறேன். ஆனா ஒண்ணு கேக்கணும். அந்தம்மா சொன்னப்ப சிரிச்சாங்களே, அவங்க எந்த கோர்ஸுக்குப் போறாங்க?"

நர்சுகளுக்குப் பாடம் சொல்லியே தலை நரைத்தவள் நான். என் திட்டத்தின் ஒரு பக்கத்திலும் நான் எழுதாத கேள்வி அது. அவள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வரும் வியாழக்கிழமை முதலாவது வகுப்பு. புதுப் பெண்கள் பன்னிரண்டு பேர், வள்ளிக்கண்ணுவையும் சேர்த்து. நான் நேற்று அவர்களுடைய பெஞ்சுகளைப் பின்னால் தள்ளிவிட்டு, முன்வரிசையில் நாற்காலிகள் போடச் சொன்னேன். பெரிய டாக்டருக்கு நடுவில், வார்டு சிஸ்டர்களுக்கும் சின்ன டாக்டர்களுக்கும் இரண்டு பக்கமும். ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் பெயர் ஒட்டியிருக்கிறேன். அவர்கள் வந்து உட்காராமல் பாடத்தைத் தொடங்கமாட்டேன் என்று எழுதியும் கொடுத்துவிட்டேன். முதல் நாள் பேச வேண்டியவர் நான் இல்லை. உங்கள் கட்டிலைச் சுற்றி அன்று நின்றவர்களிடம் நீங்கள் கேட்டதை, அதே குரலில், நீங்கள் திரும்ப ஒரு தடவை கேட்க வேண்டும். இப்போது சிரிக்கிறார்களா என்று அந்தப் பெண்கள் பின்னாலிருந்து பார்க்கட்டும்.

மேட்ரன் ஓடிவந்தார். "அவங்க வரலைன்னா என்ன பண்ணுவீங்க பேட்ரிசியா?" என்றார்.

"காலி நாற்காலிகிட்ட கேக்கச் சொல்லுவேன். யார் யார் வரலைன்னு பெயர் ஒட்டியிருக்கு. பொண்ணுங்க படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும்" என்றேன்.

காலை பத்து மணிக்கு. சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

உங்கள்
பேட்ரிசியா